கள்ளி வேலிக்கு உள்ளே ஒரு குழி

ஜெபமாலை என்று பெயரை வைத்துக்கொண்டு ஜெபமாலையைக் கையால் தொடக்கூடாது என்றால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? அவள் புருஷன் சின்னராசு அப்படித்தான் உத்தரவு போட்டிருந்தான். மாதா படம் பரணுக்குப் போயிற்று. ஜெபமாலை அரிசிப் பானைக்குள் போயிற்று. உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற அந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து குடித்துவிட்டு வந்து அடித்த அடி கொஞ்சமா நஞ்சமா? அங்கே ஒரு பெந்தெகொஸ்தே பாஸ்டர் அவன் கையில் வேதத்தைக் கொடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தார். ஒரே மாதத்தில் குடியை விட்டான். பூசையும் தீர்த்தமும் செய்யாததை அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகம் செய்தது. அதை எதிர்த்து அவள் எந்த முகத்தோடு பேசுவாள்?

ஆனால் பிள்ளை விஷயம் வேறு. தவமாய்த் தவமிருந்து பிறந்த ஒற்றைப் பிள்ளை சாமுவேல். பிறந்ததுமே ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று துடித்தாள். சின்னராசு மடியில் வேதத்தை விரித்துக்கொண்டு சிரித்தான்.

"இதுல எங்கடி கீது? நம்பினவனுக்குத்தான் ஞானஸ்நானம். இவன் இன்னாத்த நம்புவான்? உன் பால நம்புவான்."

"ஏதாவது ஆபத்துன்னா இன்னாய்யா பண்றது?"

"கர்த்தர் பாத்துப்பாரு. எனக்குத் தெரியாம மாதா கோயில்ல கொண்டுபோயி தண்ணி ஊத்தினன்னு வெச்சுக்க, அன்னிக்கே நான் சாராயக் கடைக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

அவன் சொன்னால் செய்வான். அந்தப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கள்ளி வேலி.

அவர்கள் ஊர் தியாகதுருகம் ரோட்டை ஒட்டியது. ஊர்க்கோடியில் கல்லறைத் தோட்டம், சுற்றிலும் கள்ளி வேலி. உள்ளே சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த மண். ஞானஸ்நானம் வாங்காமல் செத்த குழந்தைக்கு உள்ளே இடமில்லை. வேலிக்கு வெளியேதான் குழி, சிலுவைகூடக் கிடையாது. ஜெபமாலையின் தம்பி ஒருவன் பிறந்த அன்றே செத்து அங்கேதான் கிடக்கிறான். கல்லறைத் திருநாளன்று சாமியார் ஒவ்வொரு குழியாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். வேலி வந்ததும் திரும்பிவிடுவார். அவள் அம்மா மட்டும் வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காற்றில் அணைந்து அணைந்து போகிற ஒரு மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டிருப்பாள். சின்ன வயதில் அதைப் பார்த்தவளுக்கு அந்தப் பயம் எந்தப் புத்தகத்தைப் படித்தால் போகும்?

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டமெங்கும் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. பங்குச் சாமியார் கள்ளக்குறிச்சியில் மாட்டிக்கொண்டார். அந்த வாரம் பார்த்தா பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரவேண்டும்? இரண்டாம் நாள் கண் உள்ளே போய்விட்டது. அழக்கூடச் சத்தம் வரவில்லை.

சின்னராசு சைக்கிள் தேடிப் போன நேரத்தில் அவள் சொம்பில் தண்ணீர் மொண்டாள். ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேரையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கோயிலில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொம்பைத் தூக்கினாள். கடைக்குப் போவேன் என்ற குரல் காதில் விழுந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். பாவி, அந்த நேரத்தில் ஊற்றித் தொலைத்திருக்கக்கூடாதா!

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வெட்டிப்போட்ட மரம் வரும் இடமெல்லாம் சைக்கிளைத் தூக்கித் தாண்ட வேண்டும். ஓரிடத்தில் மறியலுக்கு நின்ற ஆட்களே ஓடிவந்து பிள்ளையைக் கைமாற்றி வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தார்கள். "சீக்கிரம் போம்மா, போம்மா" என்றார்கள். அடுத்த மரத்துக்கு முன்னால் பிள்ளை விக்கியது. கல்வராயன் மலைப் பக்கம் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஜெபமாலை ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ், உன் கால்ல வுழறேன்யா. எம்புள்ளைய வேலிக்கு வெளிய போட்டுடுவாங்கய்யா."

சின்னராசு அவளைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். சட்டென்று சைக்கிளில் தொங்கிய பாட்டிலை எடுத்துப் பிள்ளை தலையில் ஊற்றினான். "கர்த்தராகிய இயேசுவின் நாமத்தில் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றான். அவன் சபையில் இயேசு பேர் மட்டும்தான் சொல்வார்கள். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்லுய்யா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்காக இறங்கி வந்துவிட்டானே என்று அழுதுகொண்டே ஆமென் சொன்னாள். பிள்ளை அதற்குப் பிறகு மூச்சு விடவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்து வாசலில் உபதேசியார் அருளப்பன் நின்றார். சாமியார் இல்லாத ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். மண்வெட்டியோடு ஆட்கள் எங்கே தோண்டுவது என்று காத்திருந்தார்கள்.

"இன்னா சொல்லி ஊத்தின?" என்றார்.

சின்னராசு ஒளிக்கவில்லை. சொன்னான்.

"பிதா எங்க? பரிசுத்த ஆவி எங்க? இது செல்லாதுப்பா. சேசு மூணு பேரயும்தான் சொல்லச் சொன்னாரு."

"பேதுரு இயேசு பேர்லதான குடுத்தாரு? நீங்களே படிங்க உபதேசியாரே!"

"பேதுருகிட்டயிருந்து வழிவழியா வந்த வழக்கம் எங்ககிட்ட கீது. நீ நேத்து எழுத்துக் கூட்டினவன், எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"வேதத்த மிஞ்சின வழக்கம் இன்னா வழக்கம்?"

அவர் ஒரு வசனம், இவன் ஒரு வசனம். நடுவே பாயில் சுற்றிய பிள்ளை. ஈ மொய்க்கிறது. ஓட்டுவதற்கு ஒருத்தருக்கும் கை வரவில்லை. ஆட்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே நடக்கத் தொடங்கினார்கள்.

"நில்லுங்க!" என்று ஜெபமாலை கத்தினாள். ஓடிப்போய் உபதேசியார் கையிலிருந்த, சேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைப் பிடித்துக்கொண்டாள். "அவரு ஊத்தறதுக்கு முன்னாடியே, வூட்டுல நான் ஊத்திட்டேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மூணு பேரயும் சொல்லித்தான் ஊத்தினேன். இந்தச் சுரூபத்து மேல ஆணை."

உபதேசியார் சின்னராசுவைப் பார்த்தார். "நெசமாடா?"

பொய் சொல்லக்கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை நம்பித்தான் அவன் மனுஷனானான். கையிலிருந்த வேதத்தை மெல்ல அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"ஆமா. அவதான் ஊத்தினா."

குழி உள்ளே விழுந்தது. சிலுவையும் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் வேதத்தைத் திறக்கவில்லை. பொய் சொன்ன வாயால் எப்படிப் படிப்பது என்றான். அடுத்த மாதமே கடைக்குப் போனான். சில வருஷங்களில் ஈரல் வெந்து செத்தான். ஜெபமாலை பூசைக்குப் போவாள், சாமியார் நாக்கில் வைக்கிற நன்மை அப்பத்தை மட்டும் வாங்க மாட்டாள். வாங்க வேண்டுமென்றால் முதலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். செய்தால் பொய் வெளியே வரும். வந்தால் பிள்ளையைத் தோண்டி வெளியே போட்டுவிடுவார்கள் என்று பயந்தாள். தன் ஆத்துமம் நரகத்துக்குப் போனாலும் போகட்டும், பிள்ளை உள்ளே இருக்கட்டும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தே தலை நரைத்துப் போனாள்.

பின்னொரு கல்லறைத் திருநாளன்று புதிதாக வந்த இளம் சாமியார் வேலியோரம் வந்ததும் திரும்பாமல் நின்றார். "இந்த வேலிய வெட்டிப் போடப் போறோம்" என்றார். பெற்றவர்கள் கொடுக்க நினைத்திருந்தாலே போதும், ஞானஸ்நானம் வாங்காத குழந்தையையும் ஆயர் அனுமதியோடு முறைப்படி உள்ளே அடக்கம் செய்யலாம் என்று விளக்கினார். எண்பத்து மூன்றிலேயே சட்டம் வந்துவிட்டதாம்.

ஜெபமாலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"எம்பத்தி மூணா சாமி? எம்பத்தி ஏழு இல்லியே?"

"எண்பத்து மூணுதாம்மா. பல ஊருக்குத் தெரியாமலே போச்சு. பழைய வழக்கத்தையே புடிச்சிக்கினு இருந்துட்டாங்க."

அவள் மகன் குழியைப் பார்த்தாள். வேலிக்கு வெளியே தம்பி கிடந்த இடத்தைப் பார்த்தாள். கையிலிருந்த மெழுகுவத்தி சாய்ந்து விரலில் மெழுகு ஒழுகியது.

"ஒரு ஆளு வந்து சொல்லியிருந்தா எம்புருசன் இருந்திருப்பானே, சாமி" என்றாள்.

சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார். அவள் வேலியைச் சுற்றிக்கொண்டு வெளியே போய், தம்பி குழியோரம் அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள்.