தொக்கத்தில் வந்த கறித்துண்டு

தம்பி வாந்தி எடுத்த வாளியை மூன்று மாதம் நான்தான் கழுவினேன். அந்தப் புளித்த பித்த நாற்றம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

அவன் பழனிக்கு மாலை போட்டிருந்தபோது வாந்தி மறுபடி ஆரம்பித்தது. வயிற்றில் சிக்கியதை உறிஞ்சி எடுக்கிற தொக்கக்காரியிடம் அம்மா அவனை இழுத்துப் போனாள். தொக்கக்காரி அவன் தொண்டைக்குழியில் குழலை வைத்து உறிஞ்சி, எச்சிலோடு ஒரு கறித்துண்டைத் துப்பிக் காட்டினாள். அது முன்பே அவள் வாயில் இருந்ததுதான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விரதத்தில் கறி தின்றான் என்று தம்பியைத்தான் காறித் துப்பினோம்.

வாந்தி நிற்கவில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "சுடுதண்ணியில குளிச்சா வாந்தி கேக்குதா?" என்று கேட்டார்.

"ஒரு நாளைக்கு நாலு தடவ குளிக்கிறான். வெறகு போட்டு மாளல" என்றேன்.

அவர் தம்பியிடம் திரும்பினார். "கஞ்சா எத்தன வருஷமா?"

அவன் தலை குனிந்தான். "ஆறு வருஷங்க. வாந்திக்கு நல்லதுன்னு இப்ப கூடுதலா இழுத்தேன்."

"வாந்தியே அதனாலதான். அடியோட விட்டாத்தான் நிக்கும்."

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"அப்ப நீ கறி திங்கலையாய்யா?"