குவியலில் முளைத்த நவதானியம்

லண்டன் எட்மண்டனில் நான் வேலை செய்யும் மண் சலிக்கிற யார்ட்டில் அன்றுதான் முதல்முறையாக ஒரு குவியலை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். ஸ்ட்ரெதமில் யாரோ வீட்டுக்கு நிலவறை தோண்டிய மண். முன்பென்றால் நேரே குப்பைமேட்டுக்குப் போயிருக்கும். நாங்கள் அதைச் சலித்து, கல்லை வீதி போடுகிறவர்களுக்குக் கொடுத்து, மண்ணைக் குரோய்டனில் ஒரு பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். குவியல் சோதனையில் தேறினால் எனக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மண் குப்பைமேட்டுக்கு, நான் வீட்டுக்கு.

சலித்து முடித்த அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மண் அள்ளும் டிக்கர் ஓட்டுகிற அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், அவர்தான் இன்னும் ஏற்றிவிட்டார்.

“தங்கச்சி, முதல் குவியல். சும்மா விடக்கூடாது. அத்திவாரத்துக்கு நவதானியம் போடுறம்தானே, இதுக்கும் போடுவம்.”

“ஓம் அண்ணை, அதுவும் சரிதான்!”

தமிழ்க் கடையில் நவதானியப் பக்கெற் ஒன்று வாங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, ஒன்பது தானியத்தையும் இரண்டு கையாலும் குவியல் முழுக்க வீசினேன். புத்தி எங்கே போனதோ!

பத்து நாள் மழையும் வெயிலும். சோதனை அதிகாரி வந்த காலை, குவியல் பச்சைப்பசேலென்று நின்றது. களை விதையுள்ள மண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே முடியாது.

“இது என்ன களை? எங்கள் பட்டியலில் இல்லையே” என்று அந்த நெட்டை வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணை மெல்ல டிக்கருக்குப் பின்னால் நழுவினார். ஏற்றிவிட்ட மனிசன்!

எனக்குப் பயத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “களை இல்லை சேர், பயறு. நாங்கள் சாப்பிடுவது” என்று ஒரு முளையைப் பிடுங்கி, உடுப்பில் துடைத்து, அவர் முன்னாலேயே மென்று விழுங்கினேன். பூசைக் கதையையும் கொட்டினேன். மனிதர் கண்ணீர் வரச் சிரித்தார்.

பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டார். “எல்லாவற்றையும் வேரோடு பிடுங்குங்கள். வெள்ளிக்கிழமை ஒன்று மிச்சமிருந்தாலும் தேறாது. மண் மாதிரியும் எடுத்துப் போகிறேன். இதில் ஈயம் இருக்கிறதா என்று இன்னும் தெரியாது.”

ஈயமா? விழுங்கியது மேலே வரப்பார்த்தது.

மூன்று நாள் நானும் அண்ணையும் குனிந்து பிடுங்கினோம்.

“இடுப்பு போச்சுது தங்கச்சி. இனி ஏலாது.”

“பேசாமல் பிடுங்குங்கோ அண்ணை! நான் நஞ்சு திண்டனோ எண்டு தெரியாமல் நிக்கிறன், உங்களுக்கு இடுப்பு!”

வெள்ளிக்கிழமை அதிகாரி குவியலை இரண்டு தரம் சுற்றினார். ஒரு முளைகூட அகப்படவில்லை. ரிப்போட்டை நீட்டினார். மண் சுத்தம். நான் முதலில் என் வயிற்றைத்தான் தடவிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் வேலை நிரந்தரம் என்பது உறைத்தது. அந்த யார்ட்டின் நடுவில் குதித்தேன், வெட்கமே இல்லாமல்.

மண் ஏற்றிய லொறி புறப்பட நின்றது. அண்ணை கண்ணூறு படாமல் சில்லுக்கடியில் வைக்கச் சட்டைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்தார்.

“ஐயோ அண்ணை, அதுக்குள்ள விதை இருக்கு!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.