ஏலக்காரம்மாவின் கைகள்

என் அறையின் மூலையில் கை கழுவும் தொட்டி ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் எப்போதும் ஒரு சிவப்புச் சோப்பு, ஆசுபத்திரிக்கே உரிய அந்த நெடியோடு. எழுபதுகளின் தொடக்கத்தில் இராயபுரம் பக்கம் ஓர் அரசு ஆசுபத்திரியில் சமூக சேவகியாக இருந்தேன். மருந்து எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசுவதுதான் வேலை. "பேசறதுக்கெல்லாம் சம்பளமா?" என்று என் அண்ணன் கேலி செய்வார். நான் சொல்லப்போகிற அந்த அம்மாள் முதல் நாள் உள்ளே வந்ததும் நாற்காலியைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. நேரே தொட்டிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, என் முகத்துக்கு நேரே இரண்டு கைகளையும் நீட்டினாள். தோலில் ஏதோ கோளாறு, அதைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுத்தமாத்தான் இருக்கு" என்றேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

காசிமேட்டுக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவள் அவள். கட்டுமரம் கரை ஏறியதும் மீனைக் கொட்டி, சுற்றி நிற்கிற வியாபாரிகள் நடுவே நின்று விலை கூவுவது அவள் தொழில். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். கரையில் எல்லோரும் ஏலக்காரம்மா என்றுதான் அழைத்தார்கள். ஏலம் கூவுகிற அந்தக் குரல் ஒருநாள் காலை திடீரென்று போய்விட்டது. தொண்டை டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று மனநல டாக்டரிடம் அனுப்ப, அவர் என்னிடம் அனுப்பினார். பேசினால் வெறும் காற்றுதான் வந்தது. "அல சத்தத்த மீறி கூவுவன்மா. மாதா கோயில் மணி அடிச்சாகூட என் கொரலுதான் மேல நிக்கும்" என்று அந்தக் காற்றிலேயே பெருமை பேசினாள். கேட்கவே பாவமாக இருந்தது.

வாரம் ஒரு முறை வந்தாள். வந்ததும் தொட்டி, சோப்பு, நீட்டிய கைகள். எனக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. அந்தக் கைகளைப் பார்க்காமல் அப்படியே பிடித்துக்கொண்டேன். அவள் தவித்துப் போனாள். "இன்னாமா, மோந்து பாக்கலியா?" என்றாள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் கணவர் துறைமுகத்தில் குமாஸ்தா. மீனவர் வீட்டில் பிறந்து, படித்து, வெள்ளைச் சட்டை போட்டு ஆபீசுக்குப் போனவர். தினமும் மத்தியானம் அவள் கரையிலிருந்து திரும்பும்போது வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருக்கும். தெருவில் நின்றபடியே கழுவ வேண்டும். பிறகு கதவைத் தட்டிக் கைகளை நீட்ட வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் மோந்து பார்த்துத் தலையாட்டினால் உள்ளே போகலாம். இல்லாவிட்டால் மறுபடியும் வாளி. முதலில் அது மாமியார் வேலையாக இருந்தது. மாமியார் இறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர். மற்ற நாட்களில் ஒருவரும் இல்லாததால் அவளே மோந்து பார்த்துக்கொண்டு உள்ளே போவாள். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று சொல்கிற மாதிரி இதைச் சொன்னாள். குரல் போனதற்கு முந்தின நாள், மகள் படிக்கிற கான்வென்டுக்கு லீவு. கதவைத் திறந்தது மகள். மூக்கை மூடிக்கொண்டு, "கவுச்சி போவல. இன்னொரு வாட்டி கழுவு" என்றாளாம். இதைச் சொல்லும்போது அவளுக்குக் காற்றும் வரவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன.

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளைப் பற்றி ஏதோ கடுமையாகச் சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்டி சொல்லாதம்மா. என் ஊட்டுக்காரரு ஒரு நாளு என் மேல கை ஓங்கினதில்ல. எங்க தெருவுல அடி வாங்காத பொம்பள நான் ஒருத்திதான், தெரிமா?" தெருவே அவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது என்று நம்பினாள். பாதி உண்மையாகவும் இருக்கலாம். மற்ற வீடுகளில் இரவு கேட்கிற சத்தம் அவள் வீட்டில் கேட்காது. அந்த ஒரு பெருமையை வைத்துத்தான் அவள் அந்த வாளியைத் தாங்கிக்கொண்டிருந்தாள். உனக்கு நடப்பது கொடுமை என்று நான் நிரூபித்துவிட்டால், அவளிடம் இருப்பதையும் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். பிடுங்கிவிட்டு அவளை எங்கே அனுப்புவேன்? போய்த் தங்க அவளுக்கு ஓர் இடம் கிடையாது. மாதா கோயில் சாமியாரிடம் நானே போய்ப் பேசினேன். நல்ல குடும்பம், தவறாமல் பூசைக்கு வருகிறார்கள் என்றார்.

வெட்கத்தைத் தொட வழி இல்லை, பெருமையையாவது தொடலாம் என்று தோன்றியது. ஒருநாள் என் டிபன் பாக்ஸை மேசையில் வைத்து, "இது ஒரு பெரிய வவ்வால் மீன். ஏலம் விடுங்க பார்ப்போம்" என்றேன். சிரித்தாள். பிறகு எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். காற்றாகத்தான் ஆரம்பித்தாள். நான் விலையைக் குறைத்துக் கேட்டேன். "யம்மா, இது மீனா, மண்ணாங்கட்டியா? ஏத்திக் கேளு!" என்று திட்டினாள். நான் இன்னும் குறைத்தேன். அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. ஒரு தரம், ரெண்டு தரம் என்று மேசையைத் தட்டிக்கொண்டே வந்தவள், மூணு தரம் என்றபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வராந்தாவில் இருந்த நோயாளிகளெல்லாம் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் வேலையில் அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்கு முன்பு எனக்கு இருந்ததில்லை.

அடுத்த வாரம் கணவரோடு வந்தாள். அவர் மெலிந்த, மரியாதையான மனிதர். "ரொம்ப நன்றி மேடம். ஏலம் நின்னு குடும்பமே தடுமாறிப் போச்சு" என்று கைகூப்பினார். நான் தயாராகவே இருந்தேன். வாளியைப் பற்றி, கைகளைப் பற்றி, என்னால் முடிந்த அளவு மென்மையாகக் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. மூலையில் இருந்த தொட்டியைக் காட்டி, "சுத்தம் நல்லதுதானே மேடம்? நீங்களே சோப்பு வெச்சிருக்கீங்களே" என்றார். நான் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். எனக்காகப் பதில் சொன்னவள் அவள்தான். கழுவிய கைகளில் ஈரம் சொட்ட நின்றுகொண்டு, நான் மீட்டுக் கொடுத்த அந்தக் குரலில், வராந்தா முழுவதும் கேட்கும்படி சொன்னாள்: "ஒரு அடி அடிச்சதில்லமா! யார வேணா கேட்டுப் பாரு!"

வெளியே பெஞ்சில் மகள் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. அதைக் கட்டிவிடப் போன ஏலக்காரம்மா பாதியில் நின்று, மகளுக்கு முன்னால் கைகளை நீட்டினாள். பிள்ளை குனிந்து மோந்து பார்த்துத் தலையாட்டியது. அதற்குப் பிறகுதான் ரிப்பனைத் தொட்டாள். நான் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அவள் வரவில்லை. குரல் வந்துவிட்டதே, எதற்கு வருவாள்? குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

இப்போது இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. உறவு தந்த காயம் என்கிறார்கள். படித்துவிட்டு வருகிற பிள்ளைகள், வெட்கத்தை எப்படிக் கையாளுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிறுமிக்கு இப்போது அறுபது வயது தாண்டியிருக்கும். எந்த வீட்டு வாசலில் யாரை மோந்து பார்க்கிறாளோ, யாரிடம் கை நீட்டுகிறாளோ. நேற்று வஞ்சிரம் கழுவிவிட்டுச் சோப்புப் போட்டேன். துடைத்ததும் கைகள் தாமாகவே மூக்கருகே போயின. வீட்டில் யாரும் இல்லை. இருந்தும், கைகளை இறக்காமல் மோந்து பார்த்தேன். பிறகு இன்னொரு முறை சோப்பை எடுத்தேன்.