பள்ளத்தை ஒட்டிய சுவர்

பரிதா பல்லாவரத்தில் தையல் கடை நடத்துகிறவள். அனகாபுத்தூர் மனையில் கட்டும் வீட்டுக்கு, துணி வெட்டும் பிரவுன் பேப்பரில் அவளே அறைகளை வரைந்தாள். வேலை தொடங்கியதும் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு மனையிலேயே நின்றாள்.

அஸ்திவாரப் பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். தண்ணீரோடு மணலும் வந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் நூல் போல இருந்த விரிசல் விரல் நுழையுமளவுக்கு அகன்றது.

கான்கிரீட் லாரி வந்த காலையில் மேஸ்திரி ஜாய்சனிடம் அதைக் காட்டினாள்.

"அது பழைய செவுருக்கா. ரொம்ப நாளா அப்டித்தான் கீது. லாரி நிக்குது, கொட்டிரலாம்."

"வேணாம்ண்ணா. எல்லாரையும் மேல ஏறச் சொல்லுங்க."

பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் தேவானந்தம், ஓய்வுபெற்ற ஆசிரியர். பரிதா போய்க் கதவைத் தட்டினாள்.

"சார், தயவுசெஞ்சு வெளிய வாங்க."

அவர் செய்தித்தாளோடு தெருவில் வந்து நின்றார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பள்ளத்திலிருந்து மேலேறிய ஆட்கள் டீ குடித்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது.

யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் மண் சரசரவென்று உதிர்வது எல்லோருக்கும் கேட்டது. பிறகு சுவர் மொத்தமாகப் பள்ளத்துக்குள் சாய்ந்தது. காலையில் பள்ளத்துக்குள் ஆட்கள் நின்றிருந்த இடம் செங்கல்லால் மூடிப்போனது. திறந்து கிடந்த அறையில் தேவானந்தத்தின் கட்டில் அந்தரத்தில் பாதி நீட்டிக்கொண்டிருந்தது.

பரிதா முதலில் அவருக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்தாள். பிறகு எல்லையிலிருந்து தள்ளி, ஓர் அறையைக் குறைத்துத் தன் வீட்டைக் கட்டினாள். தேவானந்தம் இன்னும் சுவர் விழுந்த அந்த அறையில் படுப்பதில்லை.