ஆந்தைக்குப் பின்னால் இரண்டு புள்ளிகள்

கலரில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித் தருவது, வெளியிலிருந்து பார்க்கச் சுலபமாகத் தெரிந்தாலும், தினமும் பயந்து பயந்து செய்யும் தொழில். இருட்டறையில் வேலை பார்த்து, படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாசனை போகாத கையோடு சாப்பிட உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது புரியும்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் தேரடித் தெருப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். ஆறு வருஷம் இருந்தேன். கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் முதலாளி தரணேந்திர நயினார் எடுப்பார். அவற்றுக்கெல்லாம் பிரிண்ட் போடுவது காசிம் பாய். என் தலையில் விழுந்தது மிருகங்கள். அப்போது பத்திரிகைகள் உள்பக்கத்தில் கலர் போடாது. ஜவ்வாது மலைக்கும் காட்டுக்கும் போய் ஆசையாகக் கலர் ஸ்லைடு, அதாவது வெளிச்சத்தில் பிடித்தால் நிறத்தோடு படம் தெரியும் ஃபிலிம் துண்டு, எடுத்து வந்தவர்கள், பத்திரிகைக்கு அனுப்பக் கறுப்பு வெள்ளை வேண்டும் என்று எங்களிடம் வருவார்கள். ஸ்லைடை விளக்குப் பெட்டிமேல் வைத்து, அதையே மறுபடி படமெடுத்து, நெகட்டிவ் ஆக்கி, பிரிண்ட் போட வேண்டும். ஸ்லைடு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதில் கீறல் விழுந்தால் காட்டுக்குப் போய் அந்த மிருகத்தை இன்னொரு தடவை நிற்கச் சொல்ல முடியாது.

இது போதாதென்று எனக்கு மிருகம் என்றாலே பயம். படத்தில் இருந்தாலும் பயம்தான்.

செந்நாய்

சேர்ந்த புதிதில் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஒருவர் ஒரு ஸ்லைடு கொண்டு வந்தார். புல்வெளியில் ஒரு செந்நாய், வெயில் பட்டு நெருப்புத் துண்டு போல நின்றது. மூன்று நாள் மரத்தின் மேல் உட்கார்ந்து எடுத்த படம் என்றார்.  ஸ்லைடைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டுமே என்ற ஒரே கவலையில், எந்த ஃபிலிமில் காப்பி எடுக்கிறோம் என்பதைக் கவனிக்கவில்லை.

நான் எடுத்த ஃபிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. அதனால்தான் அதைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் தைரியமாகக் கழுவ முடியும். அதே காரணத்தால் சிவப்பாக இருப்பதெல்லாம் பிரிண்டில் கறுப்பாக வந்து நிற்கும். வாத்தியார் படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் எடுத்தது செந்நாய். நீங்க குடுத்திருக்கறது எங்க தெருமுனையில படுத்திருக்கற கறுப்பு நாய்ங்க."

ட்ரேக்குள் பாம்பு

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பெயர் பீட்டர். வேட்டி கட்டிக்கொண்டு, கழுத்தில் கேமராவோடு மலையைச் சுற்றி வருவார். பாம்பு, பறவை, ஓணான் எதையும் விடமாட்டார். அவர் ஊர்ப் பத்திரிகைக்கும் கறுப்பு வெள்ளைதான் வேண்டும்.

அவர் எடுத்த நல்லபாம்பு ஒன்றுக்குப் பெரிய சைஸில் பிரிண்ட் போட்டேன். வெள்ளைக் காகிதம் ட்ரேயில் டெவலப்பர் மருந்துக்குள் கிடக்கிறது. முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மங்கலாகப் படம் வருகிறது, தண்ணீர் அசைய அசைய அதுவும் அசைகிறது. நான் கையிலிருந்த இடுக்கியைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். இடுக்கி பக்கத்து ட்ரேயில் இருந்த ஹைப்போவில் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த காசிம் பாய் திரும்பினார். அதை அப்படியே எடுத்து நான் டெவலப்பருக்குள் விடப்போவது தெரிந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பாம்பு கடிச்சா நீ ஒருத்தன்தான் போவ. ஹைப்போ பட்டதை டெவலப்பர்ல வுட்டா இன்னிக்கு மொத்த வேலையும் போயிடும். எது ஜாஸ்தி நஷ்டம்னு நீயே யோசி."

அக்கா கேட்டது

என் அக்கா பவுனுவை மலையின் பின்பக்கத்து அடிவாரத்தில் இருக்கும் அடி அண்ணாமலையில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு மாடு, நாலு ஆடு. ஒரு தை மாசத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆடு காணாமல் போயின. நாய் இழுத்துப் போயிற்று என்று பாதி ஊர் சொன்னது. மலையில் சிறுத்தை வந்திருக்கிறது என்று மீதிப் பாதி சொன்னது. மாட்டுக்குப் புல் வேண்டுமென்றால் அக்கா மலைக்குத்தான் போக வேண்டும். பத்து நாளாகப் போகாமல் இருந்தாள். மாடு எலும்பும் தோலுமாக நின்றது.

சாமான் வாங்க டவுனுக்கு வந்தவள் கடை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருந்த காசிம் பாய் காதிலும் விழும்படி, என்னிடம் கேட்டாள்: "வெள்ளைக்காரரு மலையில எடுக்கற படமெல்லாம் உன் கையாலதான போவுது. அதுல சிறுத்தை கிறுத்தை எதுனா தெரிஞ்சா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுடா தம்பி."

தூசு

அந்த வாரமே பீட்டர் ஒரு ஆந்தைப் படம் கொடுத்தார். அடி அண்ணாமலைக்கு மேலே ஒரு பாறையில், பொழுது சாயும் நேரத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்தது. ஆந்தை நேராக என்னையே பார்த்தது. மேஜைமேல் வைத்தால் அந்தப் பக்கமிருந்து பார்த்தது, திருப்பி வைத்தால் இந்தப் பக்கமிருந்து பார்த்தது.

பிரிண்ட் காய்ந்ததும் டச்சிங் செய்ய வேண்டும். நெகட்டிவில் தூசு இருந்தால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாக விழும். மெல்லிய பிரஷ்ஷால் சாயம் தொட்டு அந்தப் புள்ளிகளை மறைப்பதுதான் டச்சிங். நான் ஆந்தையின் முகத்தை ஒரு காகிதத்தால் மூடி வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த இடத்தில் மட்டும் அவசர அவசரமாக வேலை செய்தேன். பின்னால் பாறை இடுக்கு முழுக்க இருட்டு. அதில் இரண்டு வெள்ளைப் புள்ளி. பிரஷ் இரண்டு தடவை தொட்டது, போய்விட்டன. மலையில் எடுத்த மற்ற படங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். பாறை, புதர், பறவை அவ்வளவுதான். சாயங்காலம் சைக்கிளில் போய், பயப்படாமல் புல்லுக்குப் போகலாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கே என்மேல் ஒரு மரியாதை.

மறுநாள் காலை முதலாளி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கும் நயினார், அவ்வளவு சுலபத்தில் யாரையும் பாராட்ட மாட்டார். "சுத்தமா இருக்குப்பா. ஒரு தூசு இல்ல."

விளக்குப் பெட்டி

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். பீட்டர் வந்து வாங்கிப் போவதற்காக ஸ்லைடுகளை விளக்குப் பெட்டிமேல் வரிசையாக வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆந்தை ஸ்லைடில், பாறை இடுக்கில், பச்சையாக இரண்டு பொட்டு. ஒரே அளவு, ஒரே மட்டம். ஊதினேன். போகவில்லை. துணியால் ஒற்றினேன். போகவில்லை. காசிம் பாயைக் கூப்பிட்டு, தூசு பிடித்திருக்கிறது பாருங்கள் என்று காட்டினேன்.

அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அந்த நெகட்டிவை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். நானும் போனேன். புதிதாக ஒரு பிரிண்ட் போட்டார். ட்ரேக்குள் ஆந்தை வந்தது, பாறை வந்தது, இடுக்கு முழுக்கக் கறுத்தது. அந்த இரண்டு புள்ளி மட்டும் கடைசிவரை கறுக்கவே இல்லை.  காசிம் பாய் ஈரப் படத்தைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். "ஸ்லைடுல தூசு பட்டா கறுப்பாதான்டா தெரியும். பச்சையா மின்னறது கண்ணு. நாய்க்கு இவ்ளோ அகலத்துல கண்ணு இருக்காது. உங்க அக்கா இன்னிக்கு எங்க இருக்குது?"

அடிவாரம்

செங்கம் ரோட்டில் எப்படி சைக்கிள் மிதித்தேன், எங்கே திரும்பினேன் என்பது இன்றைக்கும் நினைவில் இல்லை. அடி அண்ணாமலையில் வீடு பூட்டியிருந்தது. மாமா கழனியில் இருந்தார். பக்கத்து வீட்டு அம்மா, பவுனு காலையிலேயே புல்லுக்கு மேலே போயிருப்பதாகச் சொன்னாள். ஓடினேன். வயற்காடு முடிந்து மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு பாறை. அதைத் தாண்டி என் கால் போகவில்லை. கூடப் பிறந்தவள் மேலே இருக்கிறாள் என்று தெரிந்தும் போகவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று நடந்தது இதுதான். அங்கேயே நின்று அக்கா அக்கா என்று கத்தினேன். 

கொஞ்ச நேரத்தில் ஒருத்தி புல்லுக்கட்டோடு இறங்கி வந்தாள். அக்கா இல்லை. பின்னால் வருகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பின்னால் என்பது எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். புதர் அசைந்தபோதெல்லாம் செத்துப் பிழைத்தேன். கடைசியில் புதர் விலகி ஒரு பெரிய புல்லுக்கட்டு வந்தது, அதன் கீழே அக்கா.

 படத்தைப் பிரித்துக் காட்டி, அந்த இரண்டு புள்ளியைத் தொட்டு, சிறுத்தைக் கண் என்றேன். அவள் கட்டை இறக்கி வைத்தாள். படத்தை வாங்கி, ஆந்தையைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தப் பாறை நெழல்லதான்டா மத்தியானம் சோறு துன்னுட்டுக் கொஞ்சம் கண்ணசந்தேன். ஆட்டு எலும்புகூட கெடந்துச்சு. தம்பி இல்லன்னு சொல்லிட்டானே, நாய் போட்டதுதான்னு ஒதுக்கிட்டுப் படுத்தேன்."

ஆறு வருஷத்தில் நான் தொழில் கற்றேனோ இல்லையோ, பயந்தாங்கொள்ளி கையில் டச்சிங் பிரஷ்ஷைக் கொடுத்தால் அவன் தூசை விட்டுவிட்டுச் சிறுத்தையைத்தான் துடைத்தெடுப்பான் என்பதை மட்டும் சந்தேகமில்லாமல் நிரூபித்துக் காட்டினேன்.