மூன்று பேரை ஒரே பள்ளத்தில் இறக்கிய ஹலோ அக்கா

உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒருநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குடிநீர் அலுவலகத்துப் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தன. சரி, எல்லாம் என்பது மிகை. பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அதிகம் என்பவர்கள் இன்னும் பாதியைக் கழித்துக்கொள்ளட்டும்; மிச்சமே அவளுக்குத் தாராளம்.

அவளை எல்லோரும் ஹலோ அக்கா என்பார்கள். தங்கை சாப்பிடக் கூப்பிட்டால்கூட, "ஹலோ, சொல்லுங்க" என்றுதான் பதில் வரும். குழாயில் காற்று மட்டும் வருகிறது என்று சீறிக்கொண்டு போன் செய்கிறவர், வைக்கும்போது சிரித்துக்கொண்டு வைப்பார். அப்படி ஒரு வாய். கைதான் வாய்க்கு ஒத்துழைக்காது. விசைப்பலகையில் ஒரு விசையைத் தொட்டால் நடுக்கத்தில் விரல் அதன்மேல் இரண்டு மூன்று முறை குதிக்கும். பன்னிரண்டாம் எண் வீடு என்று அடித்தால் திரையில் 1122 என்று நிற்கும். அந்தத் தெருவில் இருப்பதோ மொத்தம் நாற்பது வீடு.

இத்தனை வருடம் அவள் மானத்தைக் காப்பாற்றியது அலுவலகக் கணினியின் டெஸ்க்டாப். மெனு, ஜன்னல்கள், எழுத்து என்று கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் கவனித்துக்கொள்வது அதுதான். எங்கெங்கோ இருக்கும் தொண்டர்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்ட ஓப்பன் சோர்ஸ் சரக்கு. அதன் மூலையில் ஒரு வசதி உண்டு: ஒரே விசை படபடவென்று அழுந்தினாலும் ஒருமுறை என்றே எடுத்துக்கொள்ளும்.

அதற்குப் புதிய பதிப்பு வரப்போகிறது என்றார்கள். அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் சோதனைப் பதிப்பை முதலில் அக்காவின் கணினியில் போட்டார். ஜன்னல்கள் வெண்ணெயில் வழுக்குவதுபோலத் திறந்தன. அக்கா வாயைப் பிளந்து ரசித்தாள். பிறகு ஒரு வீட்டு எண்ணை அடித்தாள். நடுங்கும் விசைக்கான சுவிட்ச் போட்டபடியே இருந்தது. வேலை மட்டும் நடக்கவில்லை.

மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. புதுசு வந்ததும் எல்லா மெஷினும் மாறுது. மீட்டர் ஸ்டோர்ல உங்களுக்கு ஒரு சீட்டு பாத்து வெச்சிருக்கேன். அமைதியான இடம்."

"சுடுகாடுகூட அமைதியான இடம்தான் சார். முதல்ல நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

வாய் அப்படிச் சொன்னாலும், ஸ்டோர் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். மீட்டர்கள் ஹலோ சொல்லாது.

டெஸ்க்டாப் குழுவின் இணையதளத்தில் புகார் எழுதினாள். "சுவிட்ச்தான் எங்களுடையது, ஜன்னல்களை வரையும் குழுவைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. ஜன்னல்காரர்கள், விசைப்பலகைக் குழுவைக் கேட்கச் சொன்னார்கள். விசைக்காரர்கள், "வசதி எங்களிடம் சரியாக இருக்கிறது, டெஸ்க்டாப் குழுவைக் கேளுங்கள்" என்று முதல் வாசலுக்கே திருப்பிவிட்டார்கள்.

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். ஹலோ அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடியே, இது நம்ம தொழில்டீ!" என்று தங்கையின் முதுகில் தட்டினாள். பாம்பின் கால் பாம்பறியும். குழாய்க்காரர் சாலைக்காரரைக் காட்டுவார், சாலைக்காரர் சாக்கடைக்காரரைக் காட்டுவார். அந்தப் பந்தாட்டத்தில் அவள் ஆடாத ஆட்டமா? அதற்கு ஒரே மருந்து, மூவரையும் ஒரே நேரத்தில் ஒரே பள்ளத்தருகே நிறுத்துவது. தண்ணீர் காலை நனைக்கும்போது யாரும் அடுத்தவரைக் கைகாட்ட முடியாது.

மூன்று குழுவுக்கும் தனித்தனியாக எழுதினாள்: மற்ற இருவரும் வீடியோவில் வர ஒப்புக்கொண்டாயிற்று, நீங்கள் மட்டும்தான் பாக்கி. அப்போது ஒருவர்கூட ஒப்புக்கொண்டிருக்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் நடத்தலாம் என்றால், மூன்று பொய்யில் ஒரு கூட்டம் நடத்தக் கூடாதா?

வந்தார்கள். டெஸ்க்டாப்காரி மடியில் கைக்குழந்தை, ஜன்னல்காரருக்குத் தூக்கம் கலையாத தாடி, விசைக்காரர் வாய் நிறைய ரொட்டி. அக்கா தன் கையைக் கேமராவுக்கு முன் நீட்டிப் பன்னிரண்டு என்று அடித்தாள். 11222.

"இதாங்க பள்ளம். தண்ணி எங்கேருந்து வருதுன்னு மூணு பேரும் இறங்கிப் பாருங்க. அதுவரைக்கும் நான் அடிச்சிக்கிட்டே இருக்கேன்."

முதலில் முணுமுணுப்பு. பிறகு விசைக்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார். "இருங்க, இருங்க. கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சதும் சுவிட்ச் வேலை செய்யுதே. அடுத்த நொடி யாரோ அணைக்கிறாங்க."

ஜன்னல்காரர் தாடியைச் சொறிந்தார். "நான்தான். விசைப்பலகையை ஒருதடவை புதுசா ஆரம்பிக்கிறேன். டெஸ்க்டாப்காரங்க போட்ட சுவிட்ச் அதுல போயிடுது."

"ஒருத்தர் திறந்த வால்வை இன்னொருத்தர் மூடிட்டுப் போறீங்க. ரெண்டு பேருமே நல்லவங்கதான்," என்றாள் அக்கா.

டெஸ்க்டாப்காரி தயங்கினாள். "ஆனா அக்கா, வெளியீடு நெருங்கிடுச்சு. இனிமே எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு விதி."

"தார் ஊத்தி ரோடு போட்ட பிறகு தோண்டுறதுதான் எங்க ஊர் விதியும். அது எவ்வளவு அழகுன்னு போட்டோ அனுப்பவா?"

குழந்தை உட்பட எல்லோரும் சிரித்தார்கள். விதி தளர்ந்தது. வெளியீடு சில நாள் தள்ளிப்போனது. திருத்தத்தைச் சோதித்துச் சொல்ல அவளைவிடத் தகுந்த விரல் யாரிடம் இருந்தது? அடித்தாள். 12. மறுபடி அடித்தாள். 12. "போதும் அக்கா!" என்று மூவரும் கத்தியபோது திரை முழுக்கப் பன்னிரண்டுகள் வரிசை கட்டி நின்றன.

புதிய பதிப்பு வெளிவந்த அன்று, மாற்றங்களைச் சொல்லும் அறிவிப்பில், கண்ணைக் கவரும் வண்ணங்களுக்கெல்லாம் கீழே, நடுங்கும் விரல்களுக்கான வசதி சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. மேலாளர் அதை எல்லோருக்கும் உரக்கப் படித்தார். அக்காவின் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, "உக்காருங்க, இது உங்க சிம்மாசனம்," என்றார். போன் மணி அடித்தது. "ஹலோ, சொல்லுங்க!" என்ற குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அன்று முதல் ஹலோ அக்கா ஒரு தவறுகூடச் செய்ததில்லை என்று கதையை முடிக்கலாம் என்றால், கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை விடவில்லை.

"தப்பே இல்லியா? கிழக்குத் தெருவுக்குப் போக வேண்டிய குழாய் ரிப்பேர் ஆளுங்களை நேத்து மேற்குத் தெருவுக்கு அனுப்பினது யாராம்? பாவம், அதுல கைக்குப் பங்கே இல்ல. போன் பண்ணினவர்கிட்ட இந்தக் கதையை அளந்துகிட்டிருந்தா."