வலிக்காக ஒரு வேண்டுதல்

எனக்கு எலும்பு வலிக்க வேண்டும் என்று எங்கள் வீடே முருகனிடம் வேண்டிக்கொண்ட ஒரு வாரம் உண்டு. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம்.

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். சென்னை ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் வைத்து, அவளுடைய எலும்பு மஜ்ஜையை மருந்தால் அழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் என்னுடைய ஸ்டெம் செல்லை ஏற்ற வேண்டும். பொருந்தியவன் நான் ஒருவன்தான். என் மஜ்ஜையில் இருப்பதைக் கிளப்பி ரத்தத்தில் இறக்கத் தினம் ஓர் ஊசி. திருத்தணியிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லி மருந்தைக் கொடுத்தனுப்பினார்கள். "இடுப்பு, நெஞ்செலும்பு எல்லாம் வலிக்கும். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், பயப்படாதீங்க" என்றாள் நர்ஸ்.

எனக்கு வலிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அம்மா காபியோடு வந்து நின்றாள்.

"இன்னா நைனா, வலிக்குதா?"

"இல்லமா."

"நல்லா பாரு. இடுப்பாண்ட?"

"ஒண்ணும் இல்லமா."

ஏதோ பரீட்சையில் நான் தவறிவிட்டதுபோல் அவள் முகம் தொங்கிப்போனது.

மருந்து கெட்டுவிட்டதோ? எங்கள் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கரண்ட் வேறு போய்ப்போய் வந்தது. மாவை முகர்ந்து பார்த்தேன். மாவு புளித்தால் மருந்தும் போச்சு என்பது என் விஞ்ஞானம். புளித்துத்தான் இருந்தது. அங்கே அக்காவின் எலும்புக்குள் ஒன்றும் மிச்சமில்லை. இங்கே என்னிடம் சரக்கு இல்லை என்றால்?

அதற்குமேல் யோசிக்கப் பயந்து மலைப்படி ஏறினேன். பாதியில் இடுப்பு விண்ணென்றது. சந்தோஷத்தில், சந்தன மொட்டையோடு இறங்கிவந்த பெரியவரைப் பிடித்து நிறுத்தி, "வலிக்குதுங்க!" என்றேன்.

"மலை ஏறினா வலிக்காம சிரிக்குமா? ஓரமா குந்து நைனா" என்றார்.

குந்தினேன். கொஞ்ச நேரத்தில் வலி போய்விட்டது. போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன். முருகனை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி ஓர் அம்மாள் விபூதி பூசிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "சிலருக்கு வலிக்காதுங்க. எடுக்கும்போது தெரியும். படியேறச் சொன்னது யாரு?" என்று டாக்டர் கோபித்துக்கொண்டார்.

எடுக்கும் நாளில் ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், ஸ்டெம் செல்லை மட்டும் அங்கே விட்டுவிட்டு மறுகை வழியாகத் திரும்பி வந்தது. இரண்டு கையையும் அசைக்கக் கூடாது. மூக்கு அரித்தால் அக்கா வீட்டுக்காரரான பாவாதான் சொறிந்துவிட்டார். மாலையில் டாக்டர் வந்து, "பத்தலை. இன்னொரு ஊசி போட்டு நாளைக்கும் எடுக்கலாம்" என்றார்.

பாவா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைச் சிரிக்கவைக்க என்னிடம் ஒன்றுமே இல்லை. ஊசி போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்செலும்பை யாரோ உள்ளிருந்து நெம்புவதுபோல் இருந்தது.

"பாவா, வலிக்குது."

"வெளயாடாதடா."

"சத்தியமா. ஐயோ, நல்லா வலிக்குது பாவா!"

பாவா என் தோளில் சாய்ந்து குலுங்கினார். அந்தக் குலுக்கலில் இன்னும் வலித்தது.

மறுநாள் போதிய அளவு கிடைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் செல் இருந்த பையைத் தொங்கவிட்டார்கள். வாயெல்லாம் புண்ணாகியிருந்த அக்கா, உள்ளேயிருந்த போனை எடுத்தாள். வெளியே இருந்ததை நான் எடுத்தேன்.

"ஏன்டா, உன் கொழுப்பும் சேர்ந்து வந்துடுமா?"

கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டேன்.

"எது வந்தாலும் வரட்டும்க்கா. நீ எய்ந்து வா" என்றேன்.

பை மெல்லத்தான் இறங்கிக்கொண்டிருந்தது.